பரிவட்டம் யார் தலைக்கு?

சிவசாமிக்கு வயிறு எரிந்தது. வெளியாள் யாராவது பதவியைப் பறித்திருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பார். பறித்தது சொந்தப் பெண்டாட்டி. அவளை எங்கே போய்த் திட்டுவது? சோறும் அவள்தானே போட வேண்டும்!

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவர் இருபத்திரண்டு வருடம் தொழிலாளர் தலைவர். கல்யாணமோ கருமாதியோ புருஷன் பெண்டாட்டி சண்டையோ, லயத்துச் சனம் முதலில் அவர் வாசலுக்குத்தான் வரும். போன தையில் பீலிக் குழாயில் மூன்று நாள் தண்ணீர் வரவில்லை. சிவசாமி துரையைப் போய்க் கும்பிட்டு, "பார்ப்போம்" என்ற ஒற்றைப் பதிலோடு திரும்பினார். அவர் பெண்டாட்டி நாகலெட்சுமியோ நாற்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு, காலி வாளிகளோடு பங்களா வாசலில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலமே தண்ணீர் வந்தது. மறுமாதக் கூட்டத்தில் எல்லாரும் அவளுக்கே கை தூக்கினார்கள்.

அன்றிலிருந்து மனிதருக்கு எதுவும் ருசிக்கவில்லை. தேத்தண்ணியில் சீனி இல்லை என்பார். போட்டால் கூடிவிட்டது என்பார். "லெட்சுமியக்கா இருக்காங்களா?" என்று யாராவது வந்தால், அவள் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போதே, "கொழுந்துக்குப் போயிட்டா" என்று கூசாமல் சொல்வார். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையில்கூட அப்படித்தான் சொன்னார்.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. மாரியம்மன் திருவிழாவில் தோட்டத் தலைவருக்குப் பரிவட்டம் கட்டுவார்கள். அந்தப் பட்டுத்துணி இதுவரை எந்தப் பெண்ணின் தலையிலும் ஏறியதில்லை. பதவி போனால் போகட்டும், பரிவட்டம் போய்விடக் கூடாது. அழகுமுத்துப் பூசாரியிடம் முன்கூட்டியே போய், ஒன்றும் தெரியாதவர்போல, "பொம்பளைக்குப் பரிவட்டம் கட்டுற வழக்கம் நம்மகிட்ட இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லீங்களே," என்றார் பூசாரி.

அன்றைக்குத் தேத்தண்ணியில் சீனி சரியாக இருந்தது.

திருவிழாவன்று சலவை வேட்டியில் முன்வரிசையில் நின்றார். நாகலெட்சுமி பெண்களோடு ஓரமாக நின்றாள். தப்பு மேளச் சத்தம் ஓய்ந்ததும் பூசாரி குரல் கொடுத்தார்.

"தலைவரு முன்னால வாங்க!"

சிவசாமியின் கால்கள் பழக்கத்தில் தானாக நடந்தன. அம்மன் முன்னால் போய்த் தலையைக் குனிந்துகொண்டார்.

துணி தலையில் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தார். பூசாரி பட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவரைத் தாண்டிப் பெண்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க தலைவி, அண்ணனுக்குக் கட்டட்டுங்களா?"

நாகலெட்சுமி புருஷனின் முகத்தைப் பார்த்தாள்.

"கட்டுங்க பூசாரி. ஆசையா வந்து நிக்கிறாரு."

பூசாரி கட்டினார். அதே பட்டு, அதே முடிச்சு. ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட, அவருக்குக் கட்டுவதற்கு யாரும் யாரிடமும் உத்தரவு கேட்டதில்லை.