கீழே நிற்பவளுக்கும் ஓர் இடம்

ஷார்ஜா ரோலாவில் இன்பமணி குடியிருந்த கட்டடத்தில் எல்லோருக்கும் ஒன்று தெரியும்: அவள் யாரிடமும் எதையும் சும்மா வாங்க மாட்டாள். பக்கத்து ஃபிளாட்டிலிருந்து ஒரு கிண்ணம் பாயசம் வந்தால், மறுநாள் அதே கிண்ணத்தில் நெய்மீன் வறுவல் திரும்பிப் போகும்.

குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரி. இருபத்து மூன்று வயதில் நர்ஸ் வேலைக்குக் குவைத் வந்தாள். அப்பாசியாவில் ஐந்து பெண்களோடு ஒரே அறையில் நாலு வருஷம் இருந்தாள். பிறகு ஏசி மெக்கானிக் பர்னபாஸைக் கட்டிக்கொண்டு ஷார்ஜாவுக்கு வந்து, ஒரு தனியார் கிளினிக்கில் சேர்ந்தாள். ஒரே மகள் ஜினி. வயது பதினாலு.

ஜினிக்கு அப்பாவின் தோள். அகலமான, உறுதியான தோள். பள்ளியில் அதைச் சொல்லிக் கேலி செய்தார்கள். பள்ளி விளையாட்டு விழாவில் அந்தத் தோளைப் பார்த்து முதன்முதலில் கண் விரிந்தவள் ஜொஹரா. கீழக்கரைக் குடும்பம் என்றாலும் பிறந்து வளர்ந்தது துபாய் தேராவில். அல் குசைஸில் ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து சியர்லீடிங் ஜிம் நடத்திவந்தாள்.

சியர்லீடிங் என்றதும், கிரிக்கெட் மைதானத்து ஓரத்தில் ஆடுவார்களே, அதுதான் என்று இன்பமணி நினைத்தாள். முகம் சுளித்துக்கொண்டேதான் முதல்நாள் பார்க்கப் போனாள். அங்கே நீல மெத்தை விரித்த தரையில் பதினாறு பெண்கள் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் சேர்ந்து ஒருத்தியைத் தூக்கித் தலைக்கு மேல் நிறுத்த, அவள் ஒற்றைக்காலில் நின்று சிரித்தாள். மேலே நிற்பவளுக்கு ஃப்ளையர் என்று பெயர், கீழே நின்று தாங்குபவளுக்கு பேஸ். ஜினி பேஸ். மேலே ஏறியது சந்தியா என்ற மெலிந்த பெண்.

"எல்லாரும் மேல நிக்கிறவளைத்தான் பார்ப்பாங்க சிஸ்டர்," என்றாள் ஜொஹரா. "ஆனா ஜினி மாதிரி ஒரு பேஸ் பத்து வருஷத்துக்கு ஒருக்காதான் கிடைப்பா."

இரண்டு வருஷம் நன்றாகப் போயிற்று. மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் பர்னபாஸின் கம்பெனி மூடப்பட்டது. வாடகை, பள்ளிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக ஒதுக்கிய பிறகு, ஜிம்முக்கு மாதம் எழுநூறு திர்ஹம் கட்ட வழியில்லை. இன்பமணி யூனிஃபார்மோடே ஜொஹராவைப் பார்க்கப் போனாள்.

"இந்த மாசத்தோட பிள்ளையை நிறுத்துகேன் மேடம்."

ஜொஹரா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "ஃபீஸே வேணாம். அபுதாபி போட்டிக்கு இன்னும் ஏழு வாரம்தான் இருக்கு. ஜினி இல்லாம நான் எப்படிப் போவேன்? யாருக்கும் சொல்ல வேணாம், நம்மளுக்குள்ள இருக்கட்டும்."

வேண்டாம் என்று சொல்லத்தான் இன்பமணி வாயைத் திறந்தாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஜினி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, சந்தியாவின் பாதத்தைப் பிடித்து அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தாள். சரி என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாள்.

ஜிம்மில் எந்த ரகசியம்தான் தங்கும்? இரண்டாவது வாரமே சந்தியாவின் அம்மா அருணா வரவேற்பு மேசையருகே நின்று கேட்பது, செருப்பு மாட்டிக்கொண்டிருந்த இன்பமணியின் காதில் விழுந்தது.

"ஏனுங்க ஜொஹரா, ஜினிக்கு மட்டும் சும்மா, எங்களுக்கெல்லாம் ஃபீஸா? நானும் என்ற வீட்டுக்காரரும் ரெண்டு வருசமா கோயமுத்தூர் போகாமத்தான் இதுக்குக் கட்டறோம். திறமைன்னா சந்தியாவுக்கு இல்லீங்களா? அதை யாரு அளந்து பார்த்தீங்க?"

ஜொஹரா வேறு பேச்சுக்குத் தாவினாள். அன்று மாலையே இன்பமணி ஒரு வாட்ஸாப் செய்தி அனுப்பினாள்: 'ஜினி இனி வர மாட்டாள். நன்றி.'

ஜினி அழவில்லை. "அம்மா, நான் போயிட்டா சந்தியாவை யாரு பிடிப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"வேற யாராவது பிடிப்பாங்க மக்களே," என்று மகளின் தலையை வருடினாள்.

பர்னபாஸ் தட்டைப் பார்த்தபடியே, "என்னாலதானே இது," என்றான். "சும்மா இரிங்க," என்று அவள் அவனை அடக்கினாள். ஆனால் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வேறு யாரும் பிடிக்கவில்லை. இரண்டு பெண்களை மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தார்கள். சந்தியாவின் கால் மேலே போனதும் நடுங்கியது. பாதியிலேயே குதித்து இறங்கினாள். பத்து நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ரோலா ஃபிளாட்டின் கதவு தட்டப்பட்டது. அருணா நின்றாள். அஜ்மானிலிருந்து தானே காரோட்டி வந்திருந்தாள்.

"ஜினி கீழ நின்னாத்தான் ஏறுவேங்குறா என்ற பொண்ணு," என்றாள் உட்காராமலே. "நான் பேசுனது தப்புங்க. அவளை அனுப்பி வையுங்க."

இன்பமணி அவளை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள்.

"நீங்க கேட்டது தப்பில்ல. சரியான கேள்விதான்," என்றாள். "அதுக்குப் பதில் சொல்லாம என் பிள்ளை திரும்பி வந்தா, நாளைக்கு இன்னொருத்தி கேப்பா. உங்க மகளுக்குத் தேவைன்னு மட்டும் ஜினி வர முடியாது. எல்லாத் தாய் தகப்பனையும் கூட்டச் சொல்லுங்க. நான் வாறேன்."

மறுநாளே கூடினார்கள். நீல மெத்தைமேல் பெற்றோர் முப்பது பேர் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். தமிழர், மலையாளி, பிலிப்பைன்ஸ்காரர், லெபனான்காரர் எல்லோரும் இருந்தார்கள். இன்பமணி பேச, ஜொஹரா ஆங்கிலத்தில் சொன்னாள். இன்பமணி எழுந்து நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் நர்சிங் படிச்சதே இலவசமா," என்று தொடங்கினாள். "மாசாமாசம் ஃபீஸ் கட்டுற நாளு, இலவசமா படிக்கவங்க பேரைக் கிளாசில வாசிப்பாங்க. மூணு வருசம் என் பேரைக் கேட்டேன். அந்தப் படிப்பாலதான் இன்னைக்கு இங்க நிக்கேன். அதனால ஃபீஸ் வேண்டாம்னு சொல்லுதது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எப்படிக் குடுக்கதுன்னு ஒண்ணு இருக்கு. வகுப்பில வாசிச்சா பிள்ளை தலை குனிஞ்சு போவும். ஒளிச்சுக் குடுத்தா மத்தவங்களுக்குச் சந்தேகம் வரும்."

பிறகு தான் யோசித்து வந்ததைச் சொன்னாள். வருஷத்துக்கு ஃபீஸ் இல்லாமல் இரண்டு இடம். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். யாருக்குத் திறமை என்பதை ஜிம் முடிவுசெய்ய வேண்டாம், வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து பார்க்கட்டும். அந்த இடம் யாருக்குப் போகிறது என்று யாரும் பேசக் கூடாது. நிலைமை சரியானவர்கள் தாங்களாகவே இடத்தை விட்டுவிட வேண்டும்.

"கடைசியா ஒண்ணு," என்றாள். "மேல நிக்கிறவளை மட்டும் பாத்துத் திறமைன்னு எழுதக் கூடாது. கீழ நிக்கிறவளையும் பாக்கணும்."

முதலில் கையைத் தூக்கியது அருணா. ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன.

மறுவாரம் வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தாள். ஏழு பேர் கேட்டிருந்தார்கள், அதில் ஜினி மட்டும்தான் பேஸ். தேர்வான இரண்டு பேரில் அவளும் ஒருத்தி. இம்முறை அவள் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு ஓடவில்லை. பெஞ்சில் அருணா பக்கத்தில் உட்கார்ந்து பயிற்சி முடியும்வரை பார்த்தாள்.

போட்டி நாளன்று அபுதாபி அரங்கம் இசையில் அதிர்ந்தது. பன்னிரண்டு அணிகள். இவர்கள் ஒன்பதாவது. மினுங்கும் ரிப்பனைத் தலையில் கட்டிக்கொண்டு பதினாறு பெண்களும் ஓடிவந்து நின்றார்கள். தொடங்கும் தாளத்தை எண்ணினார்கள்: ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்!

இன்பமணி சந்தியாவைப் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் மேலே பார்க்க, அவள் கீழே பார்த்தாள். ஜினியின் முழங்கால் மடிந்தது, நிமிர்ந்தது. சந்தியா பறந்தாள், ஒற்றைக்காலில் நின்றாள், மற்றக் காலைக் கையால் பிடித்துத் தலைக்குப் பின்னால் இழுத்தாள். அரங்கமே ஆர்ப்பரித்தது. ஜினியின் கை ஒரு நூல்கூட அசையவில்லை. பிறகு சந்தியா காற்றில் இரண்டு சுற்றுச் சுழன்று விழுந்தாள். விழுந்த இடத்தில் ஜினியின் கைகள் இருந்தன.

இரண்டரை நிமிஷம். பர்னபாஸ் எப்போது நாற்காலிமேல் ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. "எம் மக்களே!" என்று அவன் போட்ட கூச்சலில் முன்வரிசை லெபனான்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, அவரும் சேர்ந்து கத்தினார்.

ஒரு புள்ளிகூடக் கழிக்கப்படவில்லை. அவர்கள் வயதுப் பிரிவில் முதலிடம். கோப்பையை வாங்க ஃப்ளையர்கள்தான் முன்னால் போவது வழக்கம். சந்தியா போகவில்லை. ஜினியின் கையைப் பிடித்து இழுத்து முன்னால் தள்ளினாள். அகலத் தோள்களோடு மேடையின் நடுவில் நின்று ஜினி கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கினாள். பழகிய கைகள்தானே, சிரமமே இல்லை. அருணா இன்பமணியைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். இன்பமணி சிரித்தாள், வாய் வலிக்கும்வரை சிரித்தாள்.

இரண்டு மாதத்தில் பர்னபாஸுக்கு ஜெபல் அலியில் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வந்த அன்றே இன்பமணி ஜிம்முக்குப் போய், ஜினிக்கு இனி ஃபீஸ் கட்டுவதாகச் சொன்னாள்.

"சீசன் முடியட்டும் சிஸ்டர், இப்ப என்ன அவசரம்?" என்றாள் ஜொஹரா.

"சட்டம் சொன்னதே நாந்தானே. நானே மீறினா எப்படி?"

காலியான இடத்துக்கு அந்த வாரமே பதினோரு பேர் எழுதிக் கொடுத்தார்கள். அதில் நாலு பேர் பேஸ்.