கிராபிக்ஸ் கார்டில் சிக்கிய வெள்ளை நூல்

நான் கெடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் கல்யாணம் காட்சி என்று நாலு பேர் கூடினால், "கேம் ஆடி ஆடிக் கம்ப்யூட்டரைப் புகைய வச்சவ இவளாக்கும்" என்று என்னைக் காட்டிச் சிரிக்க ஒருவர் எப்படியும் வந்துசேருவார். புகை ஒன்றும் வரவில்லை. நான் கெடுக்கவும் இல்லை. கெடுத்தது யார் என்பதை நான் கண்டுபிடிக்க அரைக்கால் அடிதான் பாக்கி இருந்தது. அதைத் தாண்ட எனக்குப் பதினைந்து வருடம் ஆயிற்று.

அப்போது ஏழாம் வகுப்பு. இராஜாக்கமங்கலம் பக்கம் எங்கள் வீடு. கல்ஃபில் கட்டட வரைபடம் போடுகிற வேலையில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு விடுமுறையில் வந்து முன்னறையில் இரண்டு நாள் சம்மணமிட்டு உட்கார்ந்து அந்தக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டினார். அதில் அவருக்குப் பெருமை என்னவென்றால் கிராபிக்ஸ் கார்டுதான். செங்கல் பருமனில், இரண்டு ஃபேன் வைத்து இருக்கும். திரையில் நாம் பார்ப்பதையெல்லாம் வரைவது அதுதான் என்றும், வரைய வரைய அதற்குச் சூடு ஏறும் என்றும், ஃபேன் சுற்றி அந்தச் சூட்டை வெளியே தள்ளும் என்றும் எனக்குச் சொல்லித் தந்தார். எல்லாம் முடிந்து, சல்லடைத் துளை போட்ட பக்கத் தகட்டை மூடி, ஒரு கார் பந்தய கேமையும் ஏற்றிவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

மறுநாளே அம்மா லேஸ் நூலை எடுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் உடை உடுத்தாத இயந்திரம் கிடையாது. டிவிக்கு ஒன்று, மிக்ஸிக்கு ஒன்று, தையல் மெஷினுக்கு ஒன்று. கடல் காற்றில் உப்பு. உப்புப் பட்டால் இரும்புக் கேட்டே இரண்டு வருடத்தில் உதிர்ந்துவிடும். அதனால் மூடி வைக்காத சாமான் கெட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்தில் கேள்வி கேட்கப்படாத சட்டம். கம்ப்யூட்டருக்கு அம்மா இரண்டு உறை பின்னினாள். மானிட்டருக்குச் சின்னது. கீழே நிற்கும் பெட்டிக்குப் பெரியது, நான்கு பக்கமும் தரைவரை தொங்கும், ஓரமெல்லாம் பூ. ஒரு மழைக்காலம் முழுக்கப் பின்னினாள்.

பள்ளி விட்டு வந்ததும் நான் இரண்டு உறைகளையும் எடுத்து, மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டுத்தான் சுவிட்சில் கை வைப்பேன். ஒரு மணி நேரம் அனுமதி. கேம் முடிந்தால் வேகமாக ஓட்டிய பத்துப் பேரின் பட்டியல் வரும். இரண்டாம் இடத்திலிருந்து பத்தாம் இடம்வரை என் பெயர்தான். முதல் இடத்தில் மட்டும் பெயர் இருக்காது, வெறும் கோடு. நான் தலைகீழாக நின்று அந்த நேரத்தை நெருங்கினால், இரண்டு நாளில் அது இன்னும் குறைந்திருக்கும். பிள்ளைகள் ஜெயித்துவிடக் கூடாது என்று கம்ப்யூட்டரே தனியாக ஓட்டிப் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதன்மேல் எனக்குத் தீராத கோபம் இருந்தது.

பிறகுதான் சீக்கு வந்தது. முதலில் மலைப்பாதையின் ஓரத்தில் பச்சையும் ஊதாவுமாகச் சின்னக் கட்டங்கள். அப்புறம் வானம் பூராவும் கோடுகள். கடைசியில் காரும் இல்லை, மலையும் இல்லை, எல்லாம் கறுப்பு. அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சரியாக இருக்கும். மறுபடியும் கட்டங்கள்.

அப்பா கணக்கு வாத்தியார். சபைக் கமிட்டியிலும் இருந்தார். ஞாயிறு பள்ளியில் எங்களுக்குப் பாடம் எடுத்ததும் அவர்தான். ஆக, வீட்டில் தீர்ப்பு சொல்ல வேறு ஆள் தேவைப்படவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் ஒரு பங்கைக் கொண்டுவந்து படைப்பார்கள். வாழைக்குலை, தேங்காய், கோழி எல்லாம் ஆராதனை முடிந்து முற்றத்தில் ஏலம் போகும். புதன்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா சொன்னார்.

"அந்தக் கார்டைக் கழத்திப் போட்டா டைப் அடிக்கதுக்கு நல்லாத்தான் இருக்கும். கம்ப்யூட்டரைக் காணிக்கையா வச்சிருவோம். இங்க கெடந்தா இவ வெளையாடியே முடிச்சிருவா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காணிக்கை என்று சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேச முடியாது, பேசினால் ஆண்டவரோடு மல்லுக்கு நிற்பதாக ஆகிவிடும். அது தெரிந்தேதான் நின்றேன்.

"நான் கெடுக்கல்ல. அதோட, பழுதுள்ளதைக் காணிக்கையா கொண்டுவரப்பிடாதுன்னு ஞாயிறு பள்ளியில நீங்கதானே சொல்லித் தந்தீங்க?"

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. அடி விழும் என்று எதிர்பார்த்தேன். பரிமாறிக்கொண்டிருந்த அம்மா, வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் அடுக்களைக்குள் போய்விடுகிறவள், போகவில்லை. "சனிக்கிழம வரைக்கும் அவளுக்கு டைம் குடுங்களேன்" என்றாள். அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நிபந்தனை போட்டார். என் மேல் தவறில்லை என்று சனிக்கிழமை மாலைக்குள் நான் நிரூபித்தால் கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை ஏலம். நான் தோற்பேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

வியாழக்கிழமை ஒரு நோட்டு போட்டேன். மானிட்டர் வயரைக் கார்டிலிருந்து பிடுங்கி, பெட்டியின் பின்னால் இருந்த இன்னொரு துளையில் மாட்டியபோது கட்டங்கள் வரவில்லை. கார் நொண்டிக்கொண்டு ஓடியது, ஆனால் படம் சுத்தமாக இருந்தது. ஆக, அப்பா ஊகித்தது சரிதான், மானிட்டர் நிரபராதி, சீக்கு கார்டில்தான். பிறகு எத்தனை நிமிடத்தில் கட்டம் வருகிறது என்று குறித்தேன். பள்ளி விட்டு வந்த உடனே போட்டால் மூன்று நிமிடம். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் போட்டால் பன்னிரண்டு. காலையில் எழுந்ததும் போட்டால் முழுதாக அரைமணி நேரம்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு வந்து பெட்டியைத் தொட்டேன். உறைக்கு மேலேயே வெதுவெதுப்பாக இருந்தது. மேற்குப் பார்த்த சன்னல், வெயில் அடித்திருக்கும் என்று எழுதினேன். அன்று காலையிலிருந்தே மழை. அதையும் நேர்மையாகப் பக்கத்திலேயே எழுதினேன். "மழை. ஆனாலும் சூடு." அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக என்னைப் பார்த்துப் பல்லிளிக்கின்றன.

மாமாவுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. வாராவாரம் போல அன்றும் அம்மாவிடம் பேசக் கூப்பிட்டார். அம்மா போனை நேராக என் காதில் வைத்தாள். நான் நோட்டை வாசித்தேன்.

"மக்கா, அது சூட்டுலதான் சாவுது" என்றார் மாமா. "கரண்டு வயரைக் கழத்திட்டு தகட்டைத் திற. கார்டைப் பைய எடுத்து, அது ஓரத்துல வரிசையா இருக்க தங்கக் கலர் பல்லை பென்சில் ரப்பர் வச்சித் தேய். பொறவு ரெண்டு ஃபேனையும் வெரலால சுத்திப் பாரு, கேட்டியா?"

சனிக்கிழமை அப்பா சர்ச்சுக்குத் தோரணம் கட்டப் போனதும் தகட்டைத் திறந்தேன். கார்டை எடுத்தேன். ரப்பரால் தேய்த்ததில் உப்புக்கறை கறுப்பாக உருண்டு வந்தது. ஒரு ஃபேன் விரல் பட்டதும் சுற்றியது. மற்றது அசையவே இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அதன் தண்டைச் சுற்றி, இறுக்கி, பஞ்சுப் பொதியாக வெள்ளை நூல்.

லேஸ் நூல்! நான் கூப்பிடாமலேயே அம்மா பின்னால் வந்து நின்றாள். பார்த்தாள். போய்த் தன் பின்னல் ஊசியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். அந்தக் கொக்கியால் இழை இழையாக இழுத்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கார்டை மாட்டி, உறை போடாமல், ஒரு மணி நேரம் கேமை ஓட்டினேன். ஒரு கட்டம் கிடையாது, ஒரு கோடு கிடையாது. நாற்காலியிலேயே ஒரு குதி குதித்தேன்.

மாலையில் அப்பா வந்ததும் நூல் பொதியை ஒரு தட்டில் வைத்து அவர் முன்னால் வைத்தேன். உறையின் ஓரத்தில் பூ பிய்ந்திருந்த இடங்களையும் விரித்துக் காட்டினேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். கணக்கு வாத்தியார் ஒரே கேள்விதான் கேட்டார்.

"துணி மூடியிருக்கும்போ கம்ப்யூட்டர் ஆஃப்லல்லா இருக்கும்? ஓடாத ஃபேன் எப்படிட்டி நூலை இழுக்கும்? நீ துணிய எடுக்காம வெளையாடியிருக்க."

"இல்ல! நான் எடுத்து மடிச்சி வச்சிட்டுதான் தொடுவேன்!"

"பின்ன யாரு ஓட்டினா? உப்புக் காத்தா?"

  அழமாட்டேன் என்று நின்றேன். அரசர் முன்னால் நிறுத்தினாலும் இதையேதான் சொல்லுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அடுக்களை வாசலிலிருந்து அம்மா முன்னறைக்கு வந்தாள். கையைச் சேலையில் துடைத்தபடி, அப்பாவுக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"அவ எடுத்துதான் வைக்கா. நான் நித்தம் பாக்கேன். துணி பின்னினது நான், போட்டது நான். கொறை சொல்லணும்னா என்னைச் சொல்லுங்க, பிள்ளையச் சொல்லாண்டாம்."

"காணிக்கைக்குப் பேர் குடுத்தாச்சே" என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது.

"துணிய வைங்க. என் கையால செஞ்சது. கம்ப்யூட்டர் இங்கயே இருக்கட்டு."

அப்பா நூல் தட்டை ஒதுக்கி வைத்தார். பிறகு, சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வாழைக்குலைக்கும் கோழிக்கும் நடுவில் அம்மாவின் லேஸ் உறை விரிந்து கிடந்தது. பிய்ந்த பூக்களை ராத்திரியே சரிசெய்திருந்தாள். ஏலம் விட்டவருக்கு அது எதை மூடுகிற துணி என்று விளங்கவில்லை. தலைகீழாகத் தூக்கிப்பிடித்து ஒரு தரம், ரெண்டு தரம் என்றார். யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். நான் தலை நிமிர்ந்து நின்றேன். ஆனாலும் அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வழக்கு என்னுடையது, தண்டனை அவளுக்கு என்று நினைத்தேன். அம்மாவோ, கூட்டத்துக்குள் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். வருத்தத்தை மறைக்கிறாள் என்று அதற்கும் நானே ஒரு விளக்கம் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே கேமில் அந்த முதல் இடம் மறுபடியும் முன்னேறத் தொடங்கியது. கார்டுக்கு உடம்பு தேறிவிட்டது, அதுதான் இந்தத் திமிர் என்று கம்ப்யூட்டரைத் திட்டினேன்.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது என் மடிக்கணினியில் அந்தப் பழைய கேமைத் தேடிப்பிடித்து ஏற்றினேன். முந்திரிக்கொத்துத் தட்டோடு அம்மா வந்து பின்னால் நின்றாள். மலைப்பாதையில் மூன்றாவது வளைவு வந்தது.

"அதுல பிரேக்கு பிடிக்காத மக்கா" என்றாள். "வண்டிய அப்படியே எடது பக்கமா ஒடி."

நான் திரும்பிப் பார்த்தேன். கார் பள்ளத்தில் விழுந்தது.

மழையிலும் சூடாக இருந்த பெட்டி. நான் பள்ளிக்கூடத்திலும் அப்பா பள்ளிக்கூடத்திலும் இருந்த பகல்கள். முதல் இடத்தில் பெயரில்லாத அந்தக் கோடு. என் பள்ளி வேன் ஹாரன் கேட்டதும் அணைத்துவிட்டு எழுந்து போக வசதியாக, பெட்டியின் உறையை எடுக்காமலேயே ஓட்டியிருக்கிறாள். என்னைக் காப்பாற்றத் தன் துணியைக் கொடுத்தாள் என்று பதினைந்து வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் காப்பாற்றியது தன் காரையும்தான்.

"ஏம்மா பேரே எழுதல்ல?"

"எழுதியிருந்தா உங்கப்பா துணியையா ஏலம் விட்டிருப்பாங்க?"

நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். அம்மா உட்கார்ந்து ஓட்டினாள். மூன்றாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. பட்டியல் வந்தது, முதல் இடத்தில் கோடு துடித்தது. அந்த நேரத்தில் வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா எழுந்திருக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தன் பெயரை அடித்தாள்.