எம்மெட் கொடுத்த மன்னிப்பு

ரோவீனா மூஸ்டூஸ், கனடாவில் க்ரீ பழங்குடிகளான எங்கள் ஊரிலிருந்து படிக்கப் போய் வரலாற்றுப் பேராசிரியர் ஆனவள். வெள்ளைக்காரர்கள் எங்கள் நிலத்தைப் பிடுங்கிய கதையைத்தான் புத்தகம் புத்தகமாக எழுதினாள். பிடுங்கியதைத் திருப்பித் தராமல் சமரசம் பேசுவது வெறும் சடங்கு என்பது அவள் கட்சி.

அவளுடைய அண்ணன் எம்மெட், சின்ன வயதிலேயே பாதிரியார்களின் விடுதிப் பள்ளிக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர். ரோவீனா பிறந்தபோது அந்தப் பள்ளியை மூடிவிட்டிருந்தார்கள்.

ஒரு வசந்த காலத்தில் பிஷப் எங்கள் ஊர் மண்டபத்துக்கு வந்து, அந்தப் பள்ளியில் நடந்த கொடுமைகளுக்காக மன்னிப்புக் கேட்டார்.

"கை குடுக்காதண்ணா," என்றாள் ரோவீனா. "பள்ளிக்கூடத்து நெலம் இன்னும் அவங்ககிட்டதான் இருக்கு."

"அடி வாங்கினது நானா, ஒன் புஸ்தகமா?" என்றார் எம்மெட். "எனக்கு நிம்மதியாத் தூங்கணும்டி. அவ்வளவுதான்."

எழுந்து போய்க் கை கொடுத்தார். பிஷப் அழுதார். அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

மறுவருடம் நிலத்தைக் கேட்டு ஊர் வழக்குப் போட்டது. ஊரில் யாரையும் கேட்காமலே அரசாங்கம் அதைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டது என்று ரோவீனா சாட்சி சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் படத்தை நீட்டினார்.

"இவர் உங்க அண்ணன்தானே மேடம்? அவரே சமாதானம் ஆயிட்டாரு. உங்களுக்கு மட்டும் என்ன?"

பின்வரிசையில் எம்மெட் உட்கார்ந்திருந்தார். ரோவீனா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"தன்னை அடிச்சவங்கள அவர் மன்னிச்சாரு. நெலம் ஊரோடது. அத விட்டுக்குடுக்க அவருக்கு உரிமை கிடையாது."

வக்கீல் படத்தைக் கோப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். எனக்குக் கை தட்டத் தோன்றியது. எம்மெட்டின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

வாசலில் அவர் தங்கையை நிறுத்தினார். "உரிமை கிடையாது, உரிமை கிடையாதுன்னுதான் அந்தப் பாதிரிங்களும் சொல்லுவானுங்க. பேச உரிமை கிடையாது, அழ உரிமை கிடையாது."

"நான் அப்படிச் சொல்லலண்ணா."

"தெரியும். நீ சொன்னது சரிதான். அதான் தாங்கல."

தீர்ப்பில் ஏரிக்கரைப் பக்கத்துப் பாதி நிலம் எங்களுக்கு வந்தது. மீதி வரவில்லை. அதற்கும் ஒரு விருந்து வைத்து, கடமான் கறி சமைத்தோம். ரோவீனா பேச எழுந்ததும் எம்மெட் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"கோவமா?" என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்லப்பா. என்னப் பத்தி இன்னொருத்தர் பேசறத இன்னொரு தடவ ஒக்காந்து கேக்க முடியாது."

ரோவீனா இப்போது வேறொரு புத்தகம் எழுதுகிறாள். மண்டபத்தில் நடந்ததை எழுத வேண்டிய இடத்தில் நின்றுபோயிருக்கிறது. அண்ணனிடம் கேட்காமல் எழுத அவளுக்கு மனம் வரவில்லை. கேட்கவும் துணிச்சல் வரவில்லை.