நின்று நின்று ஓடிய பெட்டி

மத்தியானச் சாப்பாட்டு நேரம் எனக்கு இன்றும் பிடிக்காது. எண்பதுகளின் கடைசியில், திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூல் மில்லில், அந்த நேரம் பார்த்துத்தான் என் பெட்டி நின்றுபோகும்.

நூலைக் கூம்பு வடிவக் கோன்களில் சுற்றும் மெஷினோடு பொருத்திய இரும்புப் பெட்டி அது. ஓடுகிற நூலில் தடிப்பு வந்தால் கண்டுபிடித்து வெட்ட வேண்டும். அதற்கென்று உள்ளே டிஜிட்டல் சிக்னல் பிராசசர் என்று ஒரு சிப். அப்போது அது புதுச் சரக்கு. பெட்டியைச் செய்த எங்கள் சின்னக் கோயம்புத்தூர் கம்பெனியில் அதைக் கையால் தொடவே யோசிப்போம். பிராசசர் எங்காவது திகைத்து நின்றுவிட்டால் தட்டி எழுப்ப, பக்கத்தில் வாட்ச்டாக், அதாவது காவல்நாய், என்று ஒரு குட்டி சர்க்யூட் கார்டு இருந்தது. 'உயிரோடு இருக்கிறேன்' என்று புரோகிராம் அதற்கு விடாமல் சிக்னல் கொடுக்க வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும் சிவப்பு விளக்கு எரியும், பிராசசர் ரீசெட் ஆகும், மெஷின் நிற்கும், எல்லா நூலும் அறுந்து தொங்கும். அங்கே வேலை பார்த்த பெண்கள் ஒவ்வொன்றாக எடுத்து முடிச்சுப் போடுவார்கள். என்னைத் திட்டக்கூட மாட்டார்கள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

இந்தப் பெட்டியை வாங்கச் சொல்லி முதலாளியிடம் மன்றாடியவர் அந்தப் பகுதி மேஸ்திரி. ரெட்டியார்சத்திரத்திலிருந்து சைக்கிளில் வருவார். "நான் பொறுப்பு மொதலாளி" என்று வாயை விட்டுவிட்டார். முதலாளிக்குச் சொந்த ஊர் கொங்கு நாட்டில் தொப்பம்பட்டிப் பக்கம். கோபத்தைக்கூட மரியாதையாகத்தான் காட்டுவார்.

"பெட்டி ஓடலைன்னா நீங்க கோயம்புத்தூர் போயிருவீங்க. மேஸ்திரி கழிவுப்பஞ்சு ரூமுக்குப் போயிருவாருங்க. அம்புட்டுத்தானுங்க."

கழிவுப்பஞ்சு ரூமில் நாள் முழுக்கத் தூசிதான். மேஸ்திரிக்கு ஏற்கெனவே இருமல்.

நான் செய்யாத வைத்தியமில்லை. வோல்டேஜ் ஆடுகிறது என்று ஸ்டெபிலைசர் மாற்றினேன். எர்த் சரியில்லை என்று குழி தோண்டி உப்பும் கரியும் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றவைத்தேன். மோட்டார் இரைச்சல் என்று வயரையெல்லாம் வேறு பாதையில் இழுத்தேன். புரோகிராமை வரி வரியாகப் படித்தேன். அதில் ஒரு குற்றமும் இல்லை. காலையில் ஒழுங்காக ஓடும். மத்தியானம், நூல் அறாமல் இருக்க மேலேயிருந்து ஈரக்காற்று விடுவார்களே, அதற்குப் பின் படுத்துவிடும். ஈரம்தான் என்று தெரிந்தது. ஈரம் எங்கே போய் என்ன செய்கிறது என்பது மட்டும் பிடிபடவே இல்லை. மில் கக்கூஸுக்குப் பின்னால் நின்று ஒருநாள் அழுதேன்.

பெட்டி வந்த முதல் நாள் மேஸ்திரி ஒவ்வொரு கார்டாகக் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்டார். அந்தக் குட்டி கார்டைக் காட்டி, "இதாண்ணே காவல்" என்றேன்.

"காவல்னா... நம்ம கருப்பசாமி கணக்கா?"

"அப்படித்தான்னு வச்சுக்கங்களேன்."

அன்றே அதற்குச் சந்தனமும் விபூதியும் குழைத்துப் பொட்டு வைத்தார். பிறகு தினமும் காலையில், மெஷின் போடுவதற்கு வெகு முன்பே புதுசாக; ஓடத் தொடங்குவதற்குள் காய்ந்துவிடும். நான் அதைத் தினமும் பார்த்தேன். தறிக்கும் லாரிக்கும் பொட்டு வைக்கிற ஊர். சிக்னலைத் திரையில் பார்க்க நான் கொண்டுவந்த ஆசிலோஸ்கோப்பின் நெற்றியிலேயே ஒன்று இருந்தது. பொட்டு என்பது எங்கள் கண்ணுக்குப் பொருளாகவே படாது.

கடைசியில் ஒரு மத்தியானம் முதலாளி வந்து, "கழட்டிருங்க" என்றார். அன்று ஈரக்காற்று இன்னும் விடவில்லை; மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மேஸ்திரி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"செத்த நேரம் பொறுங்க மொதலாளி. சாமியக் கும்பிட்டுக்கிறேன்."

கிண்ணத்தில் சந்தனத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் குழைத்து, விபூதி சேர்த்து, பெட்டியின் கதவைத் திறந்து அந்தக் கார்டில் விரலை வைத்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷின் நின்றது.

குனிந்து உள்ளே பார்த்தேன். வாட்ச்டாக்கின் நேரத்தைக் கணக்கிடும் சிப்பின் இரண்டு கம்பிக் காலுக்கு நடுவே ஈரப் பொட்டு பளபளத்தது. அதன் வழியாகக் கரண்ட் கசிந்து, நேரம் முடியுமுன்பே முடிந்ததாகக் கார்டு நினைத்திருக்கிறது. காய்ந்த பொட்டு, ஈரக்காற்று பட்டதும் இதையேதான் செய்திருக்கிறது. பெட்டி படுக்கப் படுக்க அவர் இன்னும் தடிமனாக வைத்தார். தடிமனாக வைக்க வைக்க அது இன்னும் படுத்தது.

மேஸ்திரி தன் விரலைப் பார்த்தார். பிறகு என்னை.

"நாந்தானா அப்பு?"

 ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். பெட்டி ஓடியது. அன்றைக்கு முழுக்க நிற்கவில்லை. சாயங்காலம் முதலாளி வந்து பார்த்துவிட்டு, "பெட்டி இருக்கட்டுமுங்க" என்றார். மேஸ்திரியைக் கழிவுப்பஞ்சு ரூமுக்கு அனுப்பும் முடிவு மட்டும் மாறவில்லை. "காலுல விழுறேன்" என்றுகூடச் சொன்னேன். "நீங்க போங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றார்.

அடுத்த முறை போனபோது மேஸ்திரி கழிவுப்பஞ்சு ரூம் வாசலில் தலைத்துண்டோடு இருமிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"நம்ம பெட்டி நிக்காம ஓடுதா அப்பு?"

"ஓடுதுண்ணே" என்றேன்.

"ஓடட்டும்" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.