முதல் கட்டத்தில் சனி

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் மஞ்சுவுக்குப் பன்னிரண்டு வருஷ வேலை. மனு அடிப்பாள், கல்யாணப் பத்திரிகை அடிப்பாள், கம்ப்யூட்டர் ஜாதகமும் போட்டுக் கொடுப்பாள். என்ன அடிக்கிறோம் என்று படித்துப் பார்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது. விரல் அது பாட்டுக்கு ஓடும்.

அன்றைக்கு விரல் நின்றுவிட்டது.

வரதராஜன்பேட்டை மரிய ஆல்பர்ட் சார், ஓய்வு பெற்ற வாத்தியார், ஏழு நோட்டு எழுதிக் கொடுத்திருந்தார். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் இருந்த ஒரு பாதிரியாரைப் பற்றியது. பூசையும் வைப்பார், கிரேக்க ஞானிகளைப் படித்துத் தத்துவமும் எழுதுவார், யாழ் மீட்டிப் பாடி மனசு சோர்ந்தவர்களைத் தேற்றுவார். வானத்தையும் பூமியையும் சேர்த்துக் கட்டும் முடிச்சே மனுஷ ஆத்மாதான் என்றவர். அதுவரை மஞ்சு தன் பாட்டுக்கு அடித்தாள்.

ஏழாம் நோட்டில் அது இருந்தது. அந்தப் பாதிரியார் பிறந்தபோது லக்னத்தில், அதாவது ஜாதகத்தின் முதல் கட்டத்தில், சனியாம். அதை நொந்துகொண்டு நண்பருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். நண்பர் விடவில்லை, இத்தனை படிப்பையும் தாங்குகிற புத்தியைத் தந்ததே அந்தச் சனிதானே என்று கண்டித்து எழுதினார். தனியே உட்கார்ந்து ஆழமாக யோசிக்கிறவர்களுக்குச் சனியே துணை என்று பிற்பாடு பாதிரியாரும் எழுதிவைத்தார்.

மஞ்சுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கும் லக்னத்தில் சனிதான். அவள் பிறந்த நாற்பதாம் நாள் அப்பா சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்டுச் செத்தார். ஜாதகக்காரர் முதல் கட்டத்தைக் காட்டினார், அதோடு அவள் ராசியில்லாதவள் ஆனாள். அண்ணன் அறிவழகன் தாலி கட்டிய நேரத்தில் அவள் சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இப்போது அண்ணனுக்குப் பெண் பிறந்திருக்கிறது. நாளை மறுநாள் பேர் வைக்கிறார்கள். குழந்தையின் காதில் பேரைச் சொல்ல வேண்டியவள் அத்தை. ஆனால் பெரியப்பா மகள் ரெங்கம்மாள் சொல்லட்டும் என்று அம்மா ஆண்டாயி முடிவு செய்துவிட்டாள்.

மஞ்சு சாருக்குப் போன் போட்டாள். "சார், இந்தச் சனி விஷயம் நெசந்தானுங்களா?"

"நெசந்தாம்மா. எனக்கே ஆடிப்போச்சு. சாமியாரு ஜாதகத்த நம்புனாருன்னு போட்டா எங்க ஆளுங்க என்னைய வைவாங்க. வேணும்னா அந்தப் பக்கத்த எடுத்துடும்மா."

"வேணாங்க சார். இருக்கட்டும்."

போனை வைத்ததும்தான் இன்னொன்று உறைத்தது. கடைக்கு ஜாதக சாப்ட்வேர் வந்தபோது, பழைய புத்தகத்தைப் பார்த்துப் பலன் வரிகளை அடித்து ஏற்றியவளே அவள்தான். முதல் கட்டத்தில் சனி என்றால் தானாக வந்து விழும்: மந்த புத்தி, பெற்றோருக்கு ஆகாது, சுபகாரியங்களில் விலக்கவும். எத்தனை பச்சைப்பிள்ளைகளின் பேருக்குக் கீழே இது போயிருக்கும்? அந்த ஜாதகக்காரரை மனசுக்குள் திட்டித் தீர்த்தவள், அதே காரியத்தைப் பன்னிரண்டு வருஷமாகச் செய்திருக்கிறாள், அதுவும் கலர் பிரிண்டில். போன காகிதங்களைத் திருப்பி வாங்க வழியுமில்லை.

சாயங்காலம் ஆண்டாயி பேத்தி பிறந்த நேரத்தைச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். மஞ்சு போட்டுப் பார்த்தாள். கட்டம் திரையில் வந்தது. அவள் அதையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடி, பேயறஞ்ச மாதிரி ஒக்காந்திருக்க?"

"மொதக் கட்டத்துல சனிம்மா. என்னைய மாதிரியே."

ஆண்டாயியின் முகம் செத்துப்போயிற்று. கடையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள். "எட்டரைய பத்தரைன்னு மாத்திப் போடுடி. யாருக்குத் தெரியப் போவுது?"

"மாத்தலாமாம்மா?"

"நாம போடுறதுதானே. காயிதந்தானே."

முப்பத்திரண்டு வருஷம் அந்தக் காகிதத்துக்காகத்தான், வீட்டில் நல்லது நடந்தபோதெல்லாம் மஞ்சு உள்ளே உட்கார்ந்திருந்தாள். "அப்ப எனக்கு ஏம்மா மாத்தல?"

ஆண்டாயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஒங்கப்பன் போன ஆத்தாமைடி. யாரு மேலயாச்சும் பழியப் போடணும்போல இருந்துச்சு. ஒம்மேல போட்டுட்டேன்."

இப்படி ஒரு வார்த்தை அம்மா வாயிலிருந்து வரும் என்று மஞ்சு கனவிலும் நினைத்ததில்லை. அழுகை கூட வரவில்லை. கோபம்தான் வந்தது. அவள் நேரத்தை மாற்றவில்லை. பலன் வரியைத் திறந்து, மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக அடித்தாள்: ஆழ்ந்து யோசிப்பாள். படித்தது மறக்காது. எல்லாக் காரியத்துக்கும் இவளை முன்னால் அழைக்கவும்.

"இத யாருடி சொன்னது?"

"பாதி ஒரு பாதிரியாரு. மீதி நான்."

பேர் வைக்கிற அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ரெங்கம்மாள் பட்டுச்சேலையில் தயாராக நின்றாள். மஞ்சுவைப் பார்த்ததும் ஆண்டாயி பழக்கதோஷத்தில், "நீ செத்த உள்ளாற..." என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"மடிய விரிச்சு ஒக்காரு," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "அத்தக்காரிதானே பேரு சொல்லணும்."

ரெங்கம்மாள் ஒதுங்கிக்கொண்டாள். குழந்தை மடிக்கு வந்தது. அதிர்ச்சியில் மஞ்சுவுக்குப் பேரே மறந்துபோயிற்று. திருதிருவென்று விழித்தாள். "யாழினிடி, யாழினி," என்று ஆண்டாயி பக்கத்தில் குனிந்து எடுத்துக்கொடுத்தாள்.

மஞ்சு அந்தச் சின்னக் காதில் மூன்று தடவை சொன்னாள்.