நகம் தட்டிய இடம்

பழைய ஆக்சிலைத் தட்டிக் கழற்றியதும் ஜாஸ்பர் அதைத் துணியால் துடைப்பார். பிறகு இடது கட்டைவிரல் நகத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக ஓட்டுவார். கண் வேறெங்கோ இருக்கும். "பேசாத இரிங்கடே, டாக்டர் நாடி பிடிக்காரு" என்று களியக்காவிளை குடோன் சுமைக்காரர்கள் பல வருடங்களாக ஒரே கேலியைச் செய்துவருகிறார்கள். நகம் வழுக்கிப் போனால் கிரீஸ் வைத்து அதையே மாட்டிவிடுவார். எங்காவது தட்டினால் அந்த ஆக்சில் குப்பைக்குத்தான். "நெகம் தட்டிச்சுன்னா தூரப் போடணும் மக்கா. அதுகிட்ட சமாதானம் பேசப்பிடாது" என்பார்.

அவர் பழுது பார்ப்பது கையால் இழுக்கும் பேலட் ட்ராலிகளை. கைப்பிடியை நாலு தடவை அழுத்தினால் ஒரு டன் சரக்கு தரையைவிட்டு எழும்பும். அதைத் திருப்புவது கைப்பிடிக்கு அடியில் இருக்கும் இரண்டு சின்னச் சக்கரங்கள். அவற்றுக்குள் ஊடுருவிப் போகும், கட்டைவிரல் தடிமன்கூட இல்லாத தண்டுதான் ஆக்சில். சவூதியின் தம்மாமில் ஒரு கிட்டங்கியில் இந்த வேலையைப் பழகினார். ஊர் திரும்பிய பிறகு அஞ்சுகிராமம் முதல் களியக்காவிளை வரை எங்கே ட்ராலி முனகினாலும் அவருக்குத்தான் போன் வரும். ஸ்கூட்டரின் முன்னால் இரும்புப் பெட்டி. வேலை முடிந்தால் கையைத் தட்டி, அரபியில் "கலாஸ்" என்பார். கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையிலும் கிரீஸ் விரல் பதிந்திருக்கிறது என்பது அவர் மனைவி லீலாபாயின் தீராத புகார்.

புது ஆக்சில் கைவசம் இல்லாதபோது அவரிடம் ஒரு உபாயம் உண்டு. கூல்டிரிங்ஸ் டின்னைக் கத்தரித்து, தேய்ந்த இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மேலே பேரிங்கை இறுக்கிவிடுவார். சக்கரம் ஆடாது. தண்ணீர் படாத குடோனில் புதுசு வரும்வரை தாங்கும். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, சொல்லிவிட்டுத்தான் செய்வார்.

போன ஆவணியில் கடியப்பட்டணத்து மீன் கம்பெனியில் கணவாய் மீன் வந்து குவிந்த நாளில் கூப்பிட்டார்கள். ஆக்சிலைக் கழற்றி நகத்தை ஓட்டினார். தட்டியது. லேசாக அல்ல, நகமே உள்ளே இறங்கியது. உப்புத்தண்ணீர் இரும்பைத் தின்று பள்ளமாக்கி வைத்திருந்தது. புது ஆக்சிலுக்கு நாகர்கோவில் போக வேண்டும். சூப்பர்வைசர் ஷாஜன் ஐஸ் உருகுகிறது, இன்றைக்கு மட்டும் ஓடட்டும் என்று தலைமாட்டில் நின்றான். ஜாஸ்பர் தகரம் சுற்றினார். ட்ராலி இழுக்கும் ததேயுஸிடம் "பாத்து இழுடே" என்று மட்டும் சொன்னார். ஏன் அதற்கு மேல் சொல்லவில்லை என்பது அவருக்கே இன்றுவரை தெரியாது. அன்று "கலாஸ்" சொன்னாரா என்பதும் நினைவில்லை.

சாயங்காலம் சரிவில் இறங்கும்போது ஆக்சில் முறிந்து, மீன்பெட்டிகள் மொத்தமும் ததேயுஸின் வலது பாதத்தின் மேல் சரிந்தன.

மறுநாள் காலை புது ஆக்சிலோடு போய்ச் சேர்ந்தவருக்கு அங்கே வைத்துத்தான் விஷயம் தெரிந்தது. குனிந்து ட்ராலியின் அடியில் பார்த்தார். தகரம் ஒட்டிய முறிந்த துண்டு அங்கேயே கிடந்தது. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நிமிர்ந்தபோது ஷாஜன் முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தான்: "அவன் எப்பவும் ரெண்டு வரி பெட்டி கூட ஏத்துவான் சார். இல்லியா அண்ணே?"

ஜாஸ்பர் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டல் போதுமானதாக இருந்தது. ததேயுஸ் கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கியபோது கம்பெனி அவனைத் திரும்ப எடுக்கவில்லை. பக்கத்துக் கம்பெனிகளும் எடுக்கவில்லை. ஆசைப்பட்டு அதிகமாக ஏற்றிக் காலை ஒடித்துக்கொண்டவன் என்று பெயர் கரையெங்கும் பரவியிருந்தது. உண்மையைச் சொன்னால் ஒரு குடோனும் தன்னைக் கூப்பிடாது என்ற பயம் ஜாஸ்பருக்கு. அது பயம்தானா, இல்லை, பயம் என்று பெயர் வைத்துக்கொண்ட வேறு ஏதாவதா? தினமும் முழங்காலில் நின்று இதையே வாய்விட்டுச் சொல்லி ஜெபிக்கிறார். ஒருநாள் லீலாபாய் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டாள்: "கர்த்தருகிட்ட சொன்னா ததேயுஸுக்கு வேல கிடைக்குமா? அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க." இந்த வாரம் போகிறேன் என்றார். பல வாரங்களாக அதையே சொல்கிறார்.

போன வாரம் அதே கம்பெனியிலிருந்து அதே ட்ராலிக்கு அழைப்பு வந்தது. வாசலில் வேலை கேட்டு உட்கார்ந்திருந்த ததேயுஸ் கம்பை ஊன்றி உள்ளே வந்தான். கால் எப்படி இருக்கிறது என்று ஜாஸ்பர் விசாரித்தார்.

"காலு கெடக்கட்டு அண்ணே. உங்களிட்ட ஒண்ணு கேக்கணும். நான் எப்பவும் ஏத்துற அளவுதான் ஏத்துனேன். ஆனா எல்லாவனும் சொல்லிச் சொல்லி, இப்பம் எனக்கே சம்சயமா இருக்கு. கெட்டுனவளும் நம்ப மாட்டேங்கா. நீங்க ட்ராலிய அடியில பாத்த ஆளு. சொல்லுங்க, நான் கூடத்தான் ஏத்திட்டேனா?"

ஷாஜன் கேட்கும் தூரத்தில்தான் நின்றான். ஜாஸ்பரின் கையில் எண்ணெய்க் காகிதத்திலிருந்து அப்போதுதான் பிரித்த புது ஆக்சில் இருந்தது. அதைத் துணியால் துடைத்தார். நகத்தை ஒரு முனையில் வைத்து ஓட்டினார். புது இரும்பில் தட்டுவதற்கு ஒன்றுமில்லை, மறுமுனை வரை வழுக்கிக்கொண்டு போனது. ததேயுஸ் பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்து நின்றான். ஜாஸ்பர் ஆக்சிலைக் கொஞ்சம் திருப்பி, நகத்தை மறுபடியும் முதல் முனையில் வைத்தார்.