நெஞ்சுவலிக்காரர் வீட்டில் யார்?

நோயாளியாக நடிக்கும் வேலையில் ஒரே சௌகரியம், படுத்துக்கொண்டே செய்யலாம். சீனாவில் டாக்டருக்குப் படித்துவிட்டு லண்டனில் டாக்டர் உரிமத்துக்கான பரீட்சையில் கோட்டைவிட்ட பாவப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பரீட்சைக்கு மோர்டனில் கோச்சிங் வகுப்பு நடத்தும் யாழ்ப்பாணத்து டாக்டர் அண்ணைதான், "மற்ற ஆக்கள் கேக்கிறதைப் படுத்திருந்து கேளும், அப்பதான் உமக்கு விளங்கும்" என்று என்னைக் கட்டிலில் ஏற்றிவிட்டார்.

ஐந்து கேள்வி

சீனாவில் எங்கள் பல்கலைக்கழகத்தின் மருத்துவ அறிவியல் கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில், வார்டு சீனத்தில். அதனால் ஐந்து கேள்விகளைச் சீனத்தில் மனப்பாடம் செய்திருந்தோம்: எங்கே வலி, எப்போதிலிருந்து, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வயிறு போகிறதா. பதில் பாதி புரியாது, தலையை ஆட்டுவோம். கட்டிலைச் சுற்றி எப்போதும் சொந்தக்காரர்கள் நிற்பார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கத் தேவையே வந்ததில்லை.

லண்டன் பரீட்சையில் நோயாளியாக நடிப்பவரிடமும் அதே ஐந்தைக் கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். பெயில். ரிசல்ட்டைப் பார்த்த அண்ணை சொன்னார்: "தம்பி, நீர் வயித்தைத்தான் விசாரிச்சனீர், ஆளை விசாரிக்கேல்லை."

கழுத்துப் பிடிப்பு

சீனா என்றதும் எல்லோருக்கும் ஊசி வைத்தியம்தான் நினைவு வரும். நான் படித்தது அது இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. வகுப்புக்கு வரும் மதுரைக்கார அக்காவிடமும் சொன்னேன். அவர் காதில் வாங்காமல் கழுத்தைச் சாய்த்துக் காட்டினார். லண்டனுக்கு வந்த பிறகு என்னை டாக்டர் என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்: "சும்மா ஒரு குத்து குத்துங்க, டாக்டர்."

பேப்பரில் உள்ளது

நோர்பரியில் என் அறைக்குத் திரும்பினால் பேச ஆள் கிடையாது. வகுப்பில் படுத்தாலோ, ஒவ்வொருவராக வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். போன வாரம் நடிப்பதற்காக எனக்குக் கொடுத்த பேப்பரில் நெஞ்சுவலி, மனைவி, இரண்டு குழந்தைகள். டாக்டராக வந்தது ஒரு சீனப் பெண். எங்கள் கல்லூரியிலேயே எனக்கு ஜூனியர். அதே ஐந்து கேள்வி, அதே வரிசை. அடுத்தது என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஐந்தும் முடிந்தது. அவள் எழுந்து போகவில்லை. நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு, "வீட்டில் உங்களோடு யார் இருக்கிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "யாரும் இல்லை" என்று என் வாயில் வந்துவிட்டது. அவள் பேனாவை வைத்துவிட்டாள். மணி அடிக்கும்வரை அடுத்த கேள்விக்குப் போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

திரைக்குப் பின்னால் இருந்து அண்ணையின் குரல் வந்தது: "தம்பி, பேப்பரில உமக்கு மனிசியும் ரெண்டு பிள்ளையளும் இருக்கினம்; அவ பாஸ், நீர்தான் பெயில்."

ஒரே பரீட்சையில் டாக்டராகவும் நோயாளியாகவும் பெயிலானவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.